அறுவடைக்கு இருபத்தொரு நாள்

கிழக்குத் தாம்பரம்,
16-6-1968

அன்புள்ள ஐசக் அண்ணாவுக்கு,

ஜோதி எழுதுவது. நானும் பேபியும் சுகம். பேபிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. இரண்டாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும்போது டீச்சரே சிரித்துவிடுகிறாளாம்.

உங்கள் மாப்பிள்ளை அங்கே வந்து மூன்று மாதமாகிறது. வாரம் ஒரு கடிதம் தவறாமல் வருகிறது, ஆனால் முழுக்கச் சாலைதான். எந்த வளைவில் மண் சரிந்தது, எங்கே கல் பரப்பினார்கள் என்று எழுதுகிறாரே தவிர, சாப்பிட்டாரா தூங்கினாரா என்று ஒரு வரி கிடையாது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும். ஐந்து மாதம் வேலையில்லாமல் வீட்டிலிருந்த மனிதரைக் கூப்பிட்டு ஓவர்சீயர் ஆக்கிவிட்டீர்கள். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. தனிநாடு கேட்டுத் துப்பாக்கி எடுத்திருக்கும் மிசோ மலைக்கா என்று நான் தடுத்துப் பார்த்ததையும் மறக்கவில்லை.

போன ஞாயிறு எங்கள் வாசகசாலையில் பட்டிமன்றம் நடந்தது. ‘ஆயுதம் எடுத்துத் தனிநாடு கேட்பவர்களோடு அரசாங்கம் பேசலாமா?’ என்பது தலைப்பு. பேசக் கூடாது என்ற கட்சிக்கு நான்தான் தலைமை. நீங்கள் இருந்திருந்தால் எதிர்க்கட்சியில் உட்கார்ந்திருப்பீர்கள். நான் சொன்னது இதுதான்: துப்பாக்கி எடுத்தவனை அழைத்து நாற்காலி போட்டால், எடுக்காமல் மனு கொடுத்துக் காத்திருப்பவனுக்கு என்ன பதில்? அடுத்த முறை அவனும் துப்பாக்கி வாங்கத்தானே போவான்? நம் ஊரிலும் தனிநாடு கேட்டார்கள். ஒருவர் கையிலும் துப்பாக்கி இல்லை. ஐந்து வருடம் முன்பு கோரிக்கையைக் கைவிட்டார்கள், போன வருடம் ஜனங்கள் ஓட்டுப் போட்டுக் கோட்டையிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். அது அல்லவா வழி? பலத்த கைதட்டல். எங்கள் கட்சிதான் ஜெயித்தது.

முதல் வரிசையில் இருந்த லாசரஸ் ஐயா எழுந்து வந்து, “நல்லா சொன்னீங்கம்மா” என்றார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே மகன் ஏசுதாசன் பட்டாளத்தில் சேர்ந்து, இரண்டு வருடம் முன்பு உங்கள் மலையில்தான் சுடப்பட்டு இறந்தான்.

உங்கள் மாப்பிள்ளைக்கு ஒரு கம்பளிச் சட்டை பின்னி அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள்கிறாரா என்று பாருங்கள்.

உங்கள் தங்கை,
ஞானஜோதி


மிசோ மலை,
9-7-1968

அன்புள்ள ஜோதிக்கு,

ஊர்ப் பெயர் இல்லாமல் எழுதுகிறேனே என்று நினைக்காதே. எழுதக் கூடாது என்று உத்தரவு.

மாப்பிள்ளை ஞாயிறுதோறும் என்னோடுதான் சாப்பிடுகிறார். நான் வைக்கும் குழம்பைக் குறை சொல்லும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறார். கம்பளிச் சட்டை உடம்பிலேயே இருக்கிறது. இங்கே மழை விட்டு ஒரு மாதமாகப் பார்க்கவில்லை.

உன் பட்டிமன்றப் பேச்சை மூன்று முறை படித்தேன். எனக்கு நன்றாகவே உறைத்தது. ஏனென்று சொல்கிறேன்.

இந்தக் குடியிருப்பின் அதிகாரியாக என் பொறுப்பில் இருப்பது நான்கு கிராமத்து ஜனங்கள். காட்டில் இருக்கும் ஆயுதக்காரர்களுக்கு இவர்கள் சோறு போடக் கூடாது என்பதற்காக, போன வருடம் நான்கு ஊரையும் காலி செய்து, சாலையோரம் ஒரே இடத்தில் குடிவைத்தார்கள். சுற்றி மூங்கில் வேலி. வெளியே போகச் சீட்டு வேண்டும். விடிந்த பிறகு போய் இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். இவர்கள் வயல்களோ எட்டு மைல் தள்ளி, செங்குத்தான மலைச்சரிவில் இருக்கின்றன. போய்ச் சேர்ந்து நிமிர்ந்தால் திரும்பும் நேரம் ஆகிவிடுகிறது. எந்நாளும் இவர்கள் அறுவடைக்கு வயலிலேயே குடிசை போட்டுத் தங்குவார்கள். இப்போது தங்கக் கூடாது.

போதகர் பியாக்கா என்று ஒருவர் இருக்கிறார், நான்கு ஊருக்கும் அவர்தான் சபை நடத்துபவர். இதற்காக மூன்று முறை என்னிடம் வந்துவிட்டார். ஒவ்வொரு முறையும் துவைத்த சட்டை, கையில் மடித்த மனு. அறுவடை மாதத்தில் மட்டும் வயலில் தங்க விடுங்கள், இல்லாவிட்டால் விளைந்ததைப் பன்றிதான் தின்னும் என்கிறார். ஜூலை இரண்டாம் தேதி அந்த மனுவுக்கு மேல் என் குறிப்பை எழுதி, அனுமதிக்கலாம் என்று சிபாரிசு செய்து மேலே அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை.

துப்பாக்கி எடுக்காதவனுக்கு என்ன பதில் என்று நீ கேட்டாய். அந்த ஆள் மனுவோடு என் வாசலில் வந்து நிற்கிறார். அவருக்குப் பதில் சொல்ல முடியாத அரசாங்கம் கடைசியில் மற்றவர்களோடுதான் பேச வேண்டிவரும் என்று தோன்றுகிறது. எப்படியும் ஒரு நாள் பேசத்தான் போகிறோம். நிறையப் பேர் செத்த பிறகு பேசுவதா, அதற்கு முன்பா என்பதுதான் கேள்வி.

இதைப் படித்துவிட்டுக் கோபப்படு. ஆனால் பதில் எழுது.

அண்ணன்,
ஐசக்


மிசோ மலை,
24-8-1968

ஜோதி,

தந்தி கிடைத்திருக்கும். தந்தியில் எழுத முடியாததை எழுதுகிறேன்.

இருபதாம் தேதி காலை, மண் சரிந்த இடத்தைப் பார்க்க மாப்பிள்ளை இரண்டு கூலியாட்களோடு போனார். காட்டிலிருந்து ஏழெட்டுப் பேர் இறங்கி வந்து மூவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அடிக்கவில்லை, சுடவில்லை. மாலையில் கூலியாட்களை மட்டும் விட்டுவிட்டு, அவர்கள் கையில் ஒரு காகிதம் கொடுத்தனுப்பினார்கள். அதில் இருந்தது ஒரே வரி: ‘வயல்களைத் திறந்தால் ஓவர்சீயர் வருவார்.’

போதகர் கேட்ட அதே விஷயம்தான்.

மறுநாள் மேலதிகாரி வந்தார், ராணுவ மேஜரும் வந்தார். என் ஜூலைக் குறிப்பு அப்போதுதான் மேஜைக்கு வந்தது. அனுமதிக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன், இனி முடியாது என்றார் மேலதிகாரி. இப்போது திறந்தால் பயந்து திறந்ததாகிவிடும், பிறகு ஒவ்வொரு பருவத்துக்கும் ஓர் ஓவர்சீயர் காணாமல் போவார் என்றார். அதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. நீ வாசகசாலையில் சொன்னதையேதான் அவர் ஆங்கிலத்தில் சொன்னார்.

“நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், ஐசக்?” என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. போனது என் தங்கை புருஷன். நான் வாயைத் திறந்தால் சொந்தத்துக்காகப் பேசுகிறேன் என்பார்கள். அதற்குப் பிறகு என் குறிப்புக்கு என்ன மதிப்பு இருக்கும்?

பேபியிடம் இப்போதைக்குச் சொல்லாதே.

ஐசக்


தாம்பரம்,
5-9-1968

அண்ணா,

நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. இதை எழுதி, தபால் தலை ஒட்டி, எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

யாரோ பெற்ற பிள்ளைகளுக்காகப் பேச வேண்டும், பேச வேண்டும் என்று இத்தனை வருடம் எழுதினீர்கள். என் வீட்டுக்காரர் என்று வந்ததும் வாய் அடைத்துவிட்டதா? உங்கள் குறிப்பின் மதிப்பைக் காப்பாற்றிக்கொண்டீர்கள். அவரை யார் காப்பாற்றுவது? அவரை அங்கே கூப்பிட்டது நீங்கள். அப்போது சொந்தம் என்பது குறுக்கே வரவில்லையே.

நான் மேடையில் பேசினதை எனக்கே திருப்பிச் சொல்ல வேண்டாம். அன்றைக்குக் கைதட்டினவர்களில் ஒருவர்கூட இப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் பேசினது தப்பு. போதுமா? பேசுங்கள். யாரோடு வேண்டுமானாலும் பேசுங்கள். அவர்கள் கேட்பதைக் கொடுத்து அவரை வாங்கி வாருங்கள்.

பேபிக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள்.

ஜோதி


மிசோ மலை,
18-9-1968

அன்புள்ள ஜோதிக்கு,

உன் கடிதத்தில் எழுதியது எதையும் நான் மறுக்கவில்லை.

மேலதிகாரியிடம் போய், இந்த விஷயத்திலிருந்து என்னை விலக்கிவிடுங்கள் என்று கேட்டேன். வேறு ஒருவர் பார்த்தால் அவராவது தைரியமாகச் சிபாரிசு செய்வார் என்று நினைத்தேன். “வேறு யாருக்கும் இந்த ஜனங்களைத் தெரியாது” என்று சொல்லிவிட்டார். ஆகவே, விலகவும் முடியாமல் பேசவும் முடியாமல் இருக்கிறேன்.

போதகர் பியாக்கா தானாகவே காட்டுக்குள் போனார். நான் அனுப்பவில்லை, தடுக்கவுமில்லை. மாப்பிள்ளையின் இருமல் மருந்தையும், அன்று அவர் விட்டுப்போயிருந்த உன் கம்பளிச் சட்டையையும் கொடுத்துவிட்டேன். நான்கு நாள் கழித்துத் திரும்பினார். மாப்பிள்ளை கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு வந்தது. இதோடு வைத்திருக்கிறேன். ‘நலமாக இருக்கிறேன். ஜோதியைத் தைரியமாக இருக்கச் சொல்லவும். ஆறாவது வளைவில் மண் நிற்காது, கல் அடுக்கித் தாங்குசுவர் கட்டச் சொல்லவும்.’ இவ்வளவுதான். உன் புருஷன்தான் எழுதியிருக்கிறார், சந்தேகமே இல்லை.

போதகர் இன்னொன்றும் சொன்னார். ஓவர்சீயரைப் பிடித்ததில் வேலிக்குள் இருக்கும் ஜனங்களுக்கு நிம்மதியில்லையாம். கிடைக்கவிருந்த அனுமதியும் போயிற்றே என்று பெண்கள் அழுதார்களாம். கதிர் பழுக்க இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது.

ஐசக்


தாம்பரம்,
30-9-1968

அன்புள்ள அண்ணாவுக்கு,

துண்டுச் சீட்டைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தேன், பிறகு அழுதேன். போன கடிதத்தில் கடுமையாக எழுதிவிட்டேன். அதற்காக மன்னிப்புக் கேட்கவில்லை. அப்போது அப்படித்தான் இருந்தது. இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பள்ளிக்கூட ஆயா கங்கையம்மாள் உங்களுக்கு நினைவிருக்காது. கீழ்க்கட்டளைக்காரி. மதியம் நான் சாப்பிடாமல் டப்பாவை மூடியதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர்கள் ஊர் ஏரி மதகுக்காக இரண்டு தெருக்காரர்கள் தடி எடுத்துச் சண்டை போட்டார்களாம். அதில் அவள் புருஷனுக்குக் காதில் அடிபட்டு, அன்றோடு செவிடு. “மண்டை ஒடஞ்சப்புறம் போலீஸ் டேசன்ல குந்திகினு பேசுனாங்க. அரை நாள்ல தீந்துபோச்சு. அந்த அரை நாளு மொதல்லயே கெடச்சிருந்தா எம் புருசனுக்கு நான் கூப்புட்றது கேட்டுகினு இருக்கும்” என்றாள். சொல்லிவிட்டு, என்னைச் சாப்பிட வைத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையில் எல்லோரும் இருக்கும்போது எழுந்து நின்று, அரசாங்கம் அவர்களோடு பேசி என் கணவரை மீட்க வேண்டும், எல்லோரும் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்று கேட்டேன். லாசரஸ் ஐயா மட்டும் எழுந்தார். என் பேச்சைப் பாராட்டினாரே, அவர்தான். “எம் பையன் செத்தப்போ யார் போய் யார்கிட்ட பேசினாங்க? உங்க வீட்டுக்காரருன்னா மட்டும் பேசணுமா?” என்றார். குரலை உயர்த்தவே இல்லை. பேபியைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவரே வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடியே பேசினார். “என் பையன் திரும்பி வரமாட்டாம்மா. பேசினாலும் வரமாட்டான், பேசாட்டியும் வரமாட்டான். பேசக் கூடாதுன்னு நான் சொல்றது அவனுக்காகவா இல்ல என் கோபத்துக்காகவான்னு ரெண்டு நாளா யோசிக்கிறேன், தெரியல” என்றார்.

உள்ளே அழைத்து உட்கார வைத்து, நீங்கள் எழுதிய கடிதங்களைப் படித்துக் காட்டினேன். போதகரின் மனு வந்த இடத்தில், “அது என்னிக்குக் குடுத்தது?” என்று கேட்டார். ஜூலை இரண்டாம் தேதிக்கு முன்னால் என்றேன். “அப்போ உங்க வீட்டுக்காரரப் பிடிக்கறதுக்கு முன்னாடியே கேட்டது” என்றார்.

அண்ணா, அந்த நிமிடம்தான் எனக்குத் தெளிந்தது. நான் பதினொரு வருடமாக வகுப்பில் நிற்பவள். ஒரு பெண் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. அதற்குள் இன்னொருத்தி பெஞ்சைத் தட்டி ரகளை செய்கிறாள். ரகளை செய்தவளுக்குப் பணிந்ததாகிவிடும் என்று, கை தூக்கியவளுக்கும் பதில் சொல்லாமல் இருப்பேனா? அப்படிச் செய்தால் கை தூக்குவது பலிக்காது, ரகளைதான் வழி என்று நானே வகுப்புக்குக் கற்றுக்கொடுத்ததாகாதா?

பேசக் கூடாது என்று நான் சொன்னது தப்பு. எதைக் கொடுத்தாவது அவரை வாங்கி வாருங்கள் என்று எழுதினதும் தப்புதான். இதோடு உங்கள் மேலதிகாரிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். அதன் சாரம் இது: நான் கைதியாக இருக்கும் ஓவர்சீயர் ஜெபராஜின் மனைவி. என் கணவருக்குப் பதிலாக எதையும் கொடுக்கும்படி கேட்கவில்லை. அவர் பிடிபடுவதற்கு ஏழு வாரம் முன்பே, ஆயுதமில்லாத ஒருவர் முறைப்படி கொடுத்த மனுவுக்குப் பதில் கேட்கிறேன். என் கணவர் திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் அந்த மனுவை அதன் நியாயத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கடைசி வாக்கியத்தை எழுத எனக்கு ஒரு நாள் பிடித்தது. இனி நீங்கள் சொந்தத்துக்காகப் பேசுகிறீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதீர்கள். மனுவைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

என் கையெழுத்துக்குக் கீழே இன்னொன்று இருக்கும். லாசரஸ் ஐயா போட்டது. “சோத்து விஷயம்னா போடறேன். வேற எதுக்கும் என்னக் கேக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போட்டார். மகன் பெயரையும் அவன் ரெஜிமெண்டையும் அவரே எழுதினார்.

ஜோதி


மிசோ மலை,
26-10-1968

அன்புள்ள ஜோதிக்கு,

உன் கடிதம் பதினொன்றாம் தேதி வந்தது. அன்று மதியமே அதை எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போனேன். படித்துவிட்டு மேஜரிடம் நீட்டினார். மேஜர் கடைசிப் பக்கத்தில் லாசரஸ் ஐயா எழுதியதை இரண்டாம் முறை படித்தார். பிறகு, அந்தப் பையன் இறந்த இடம் தனக்குத் தெரியும் என்றார்.

அதற்காக அவர் உடனே ஒத்துக்கொண்டுவிடவில்லை. வயலில் ஜனங்கள் தங்கினால் பாதி நெல் காட்டுக்குத்தான் போகும் என்றார். உண்மைதான், கொஞ்சம் போகத்தான் செய்யும். மூன்று நாளைக்கு ஒருமுறை நெல்லைச் சுமந்து வேலிக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறோம் என்று போதகர் உறுதி சொன்னார். நான் ஜூலையில் எழுதிய குறிப்பையே மறுபடி வாய்விட்டுப் படித்தேன். கடைசியில் இருபத்தொரு நாள் என்று முடிவாயிற்று. ஒரு குண்டு வெடித்தாலும் அன்றோடு அனுமதி ரத்து என்று மேஜர் நிபந்தனை போட்டார்.

அதைக் காட்டில் இருப்பவர்களுக்கு யாராவது போய்ச் சொல்ல வேண்டும் அல்லவா? அரசாங்கம் அவர்களோடு பேச்சுவார்த்தை நடத்தாதாம். ஆனால் போய்த் தகவல் சொல்லலாமாம். பதிலுக்கு அவர்கள் ஏதாவது சொன்னால் காதில் வாங்கிக்கொண்டு வரலாமாம். நானும் போதகரும் போனோம்.

எட்டு மைல் ஏற்றம். வயல்குடிசை ஒன்றில் மூன்று பேர் இருந்தார்கள். தலைவனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவனாம். துப்பாக்கியைக் கம்பத்தில் சாய்த்துவிட்டு எனக்குத் தேநீர் ஊற்றினான். நிபந்தனையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டான். பிறகு ஆங்கிலத்தில், “உங்கள் ஊரிலும் தனிநாடு கேட்டார்கள் என்று ஓவர்சீயர் சொன்னார். ஏன் விட்டுவிட்டார்கள்?” என்று கேட்டான்.

யோசித்துப் பதில் சொன்னேன். அப்படிக் கேட்கக் கூடாது என்று சட்டமும் போட்டார்கள், மேடையில் பேசவும் தேர்தலில் நிற்கவும் விட்டார்கள், இரண்டும் நடந்தது, பேச இடம் இருந்ததால் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட மனம் வந்தது என்றேன். “எங்களுக்கு அந்த இடத்தை யாரும் காட்டவில்லை” என்றான். காட்டுக்குள் ஒளிந்திருப்பவனுக்கு எப்படிக் காட்டுவது என்று கேட்டேன். அவனுக்குக் கோபம் வந்தது. எனக்கும் வந்தது. போதகர் இருவருக்கும் இன்னொரு முறை தேநீர் ஊற்றினார். பிறகும் ஒரு மணி நேரம் பேசினோம்.

நீ சொன்னபடி மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் உத்தியோகத்தில் இதைவிடக் கஷ்டமான காரியம் நான் செய்ததில்லை. விடைபெறும்போது அவனே, “ஓவர்சீயர் நலமாக இருக்கிறார். எங்கள் சாப்பாடுதான் அவருக்குப் பிடிக்கவில்லை” என்றான்.

இருபத்துமூன்றாம் தேதி காலை வேலிக்கதவைத் திறந்தோம். கிழவர்களும் குழந்தைகளும் உட்பட எல்லோரும் கூடையோடு கிளம்பிப் போனார்கள். மாப்பிள்ளை இன்னும் வரவில்லை. மேலதிகாரி என்னைப் பார்க்கும் பார்வையில், ஏமாந்துவிட்டாய் என்பது தெரிகிறது.

ஐசக்


தாம்பரம்,
8-11-1968

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே பத்து நாளாக மழை. மாடம்பாக்கம் ஏரி நிரம்பிச் சாலையில் தண்ணீர் ஓடுகிறது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். வேலையில்லாமல் வீட்டில் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

அவர் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். திரும்பாவிட்டாலும் என்று நானே எழுதிக் கொடுத்ததுதான். எழுதுவது வேறு, நடப்பது வேறாக இருக்கிறது.

லாசரஸ் ஐயா தினமும் குடையோடு வந்து தபால் உண்டா என்று கேட்டுவிட்டுப் போகிறார். ஒன்று மட்டும் எழுதுங்கள். அந்த ஜனங்களுக்கு நெல் கிடைத்ததா? பன்றி தின்றதா, அவர்கள் வீட்டுக்கு வந்ததா?

ஜோதி


மிசோ மலை,
17-11-1968

ஜோதி,

இந்த முறையும் தந்தி முந்திக்கொண்டிருக்கும். ஆனாலும் முழுக்க எழுதுகிறேன்.

பதினைந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை. சாயங்காலம் வயலிலிருந்து கடைசி நடை நெல் வந்துகொண்டிருந்தது. நான் கதவருகே நின்று வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே பாரத்தை நெற்றியில் வார்போட்டு முதுகில் சுமப்பார்கள். குனிந்து வருவதால் முகம் தெரியாது. ஒரு கிழவிக்குப் பின்னால் உயரமாக ஓர் ஆள், முதுகில் கூடை, உடம்பில் நீ பின்னிய கம்பளிச் சட்டை. கூடையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து, “ஆறாவது வளைவுல சுவர் கட்டினாங்களா?” என்று கேட்டார்.

யாரும் அவரை ஒப்படைக்கவில்லை, யாரும் பெற்றுக்கொள்ளவும் இல்லை. அந்தக் கணக்கு வாத்தியார் காலையில், போகலாம் என்று மட்டும் சொன்னானாம். தனியாக நடந்து வராமல், வழியில் அந்தக் கிழவியின் சுமையையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். மெலிந்திருக்கிறார், காலில் ஆறாத புண் ஒன்று இருக்கிறது. டாக்டர் பார்த்துவிட்டார், பயமில்லை. நான் அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். அதை மேஜரும் பார்த்தார். பார்க்கட்டும்.

நெல்லைப் பற்றிக் கேட்டாய். வந்தது. மேல்சரிவில் இருந்ததைப் பன்றி அழித்துவிட்டது. மற்றது வீட்டுக்கு வந்துவிட்டது. இருபத்தொரு நாளில் ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. பன்னிரண்டாம் தேதியே அனுமதியை இன்னும் ஒரு வாரம் நீட்டச் சொல்லி மேஜரே கையெழுத்துப் போட்டிருந்தார்.

கால் ஆறியதும் அனுப்பி வைக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருப்பார்.

ஐசக்


தாம்பரம்,
20-1-1969

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒரு மாதமாக உங்களுக்கு எழுதவில்லை. வீட்டில் ஆள் இருந்தார், அதுதான் காரணம்.

ரயிலிலிருந்து இறங்கியவரைப் பேபிக்கு அடையாளம் தெரியவில்லை. தாடியை எடுத்த பிறகுதான் கிட்டே போனாள். இப்போது விட்டு நகர்வதில்லை. எலும்பும் தோலுமாக வந்தவர் இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறார். தூக்கத்தில் சில சமயம் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். நான் ஒன்றும் கேட்பதில்லை. அவருக்குச் சொல்லத் தோன்றும்போது சொல்கிறார். பட்டினி போடவில்லையாம், அவர்கள் தின்றதையே கொடுத்தார்களாம். ஒருமுறை ராணுவம் பக்கத்தில் வந்தபோது மட்டும், சத்தம் போட்டால் சுட்டுவிடுவோம் என்று தலையில் துப்பாக்கி வைத்தார்களாம். வைத்தது அந்தக் கணக்கு வாத்தியார்தான். அதையும் உங்களுக்குச் சொல்லச் சொன்னார். நல்லவன் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாமாம்.

வந்த மறுநாளே லாசரஸ் ஐயா வீட்டுக்குப் போனார். நானும் போனேன். ஐயா என்னவெல்லாம் கேட்பாரோ என்று பயந்தேன். மகன் சுடப்பட்ட மலையைப் பற்றி அவர் கேட்டது ஒன்றுதான்: “அந்த எடம் எப்படி இருக்கும்?” இவர் பென்சிலை எடுத்து, சாலை, ஓடை, மூங்கில் காடு, மேகம் எந்த உயரத்தில் நிற்கும் என்பதுவரை வரைந்து காட்டினார். ஐயா அந்தக் காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இத்தனை நாள் அந்த இடத்தை மனதில் எப்படி நினைப்பது என்று தெரியாமல் இருந்ததாகச் சொன்னார்.

இப்போது உங்கள் மாப்பிள்ளை மார்ச்சில் திரும்பிப் போக வேண்டும் என்கிறார். சாலை பாதியில் நிற்கிறதாம். நான் முடியாது என்றேன். மூன்று நாள் பேச்சில்லை. நாலாம் நாள் உட்கார்ந்து பேசினோம். போகட்டும் என்று சொல்லியிருக்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அடுத்த பருவத்துக்கு என்ன ஏற்பாடு என்று நீங்கள் எழுதிய பிறகுதான் டிக்கெட் எடுப்போம்.

உங்கள் தங்கை,
ஜோதி


மிசோ மலை,
10-2-1969

அன்புள்ள ஜோதிக்கு,

உன் நிபந்தனையைப் படித்தபோது அதற்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இன்று கொஞ்சம் இருக்கிறது.

இது இவர்கள் காடு வெட்டும் காலம். வெட்டிக் காயவைத்து எரித்தால்தான் விதைக்க முடியும். எந்தச் சரிவை வெட்டலாம், எத்தனை நாள் தங்கலாம் என்று போதகர் மறுபடி மனு கொடுத்தார். இம்முறை ஒரே முறைதான் வந்தார். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. நேரில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், ‘சம்பந்தப்பட்ட அனைவரும்’ வரலாம் என்று மேலதிகாரி எழுதியிருந்தார். சம்பந்தப்பட்ட அனைவரும் என்றால் யார் யார் என்று போதகர் கேட்டார். படித்தால் தெரியும்படிதான் எழுதியிருக்கிறேன் என்றார் மேலதிகாரி.

இன்று காலை பள்ளிக்கூடத்தில் கூடினோம். காட்டிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். இந்தப் பக்கம் மேலதிகாரி, மேஜர், நான். இரு தரப்புத் துப்பாக்கிகளையும் சபைக் கோயிலில் வைத்துப் பூட்டி, சாவியைப் போதகர் மனைவி வாங்கிக்கொண்டாள். கணக்கு வாத்தியாருக்குக் குழந்தைகளின் பெஞ்சில் உட்காரத் தெரியவில்லை, எங்கள் யாருக்கும்தான் தெரியவில்லை. முழங்கால் இடித்தது.

மேஜர் தன் ஆட்களில் செத்தவர்கள் பெயரைச் சொன்னார். அவர்களும் தங்கள் பக்கத்துப் பெயர்களைச் சொன்னார்கள். எரிந்துபோன ஊர்களின் பெயர்களையும் சொன்னார்கள். ஏசுதாசன் பெயரும் வந்தது. அதற்கே மதியம் ஆகிவிட்டது. பிறகு கிழக்குச் சரிவில் ஆரம்பித்தோம். அவர்கள் கரும்பலகையில் எல்லையாக ஒரு கோடு போட்டார்கள், மேஜர் அதை அழித்து வேறு கோடு போட்டார். இரண்டு முறை எழுந்து போகப் பார்த்தார்கள், ஒருமுறை நாங்கள் எழுந்தோம். நாடு, கொடி என்று பேச்சு போனபோதெல்லாம் சண்டைதான். சரிவுக்குத் திரும்பினால் கொஞ்சம் நகர்ந்தது.

இருட்டும் முன் கலைந்தோம். போதகர் மனைவி எல்லோருக்கும் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தாள். ஒன்றும் முடிவாகவில்லை, ஜோதி. வியாழக்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அண்ணன்,
ஐசக்